மார்ச் 25: சுவீடன் தேசத்தாரின் வாஃபிள் திருநாள்



நம் சபையின் வாலிபர் ஒருவர் எல்லைக்கு அப்பால், ஓசூர் சாலையில் உள்ள ஒரு சுவீடன் தேசத்து நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். பயிற்சிக்காகச் சில வாரங்கள் கோத்தன்பர்க் நகரில் தங்கிவிட்டுத் திரும்பியபோது, கனமான ஓர் இரும்புத் தட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு மூடிகள் கீலால் இணைந்த தட்டு. திறந்தால் உள்ளே ஐந்து இதய வடிவங்கள், பூவிதழ்கள் போல ஒரு மையத்தைச் சுற்றி அமைந்திருக்கின்றன. "ஐயா, மார்ச் 25 அன்றைக்கு அந்த ஊரில் எல்லோரும் இதில் வாஃபிள் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். ஏன் என்று கேட்டேன். வாஃபிள் நாள், அதனால் வாஃபிள் சாப்பிடுகிறோம் என்றார்கள். அது நம் மரியாளுக்கு அறிவிப்பு உண்டான நாள் அல்லவா?" என்று கேட்டார்.

அவருடைய கேள்வி எனக்குச் சற்று உறுத்தியது. காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். மார்ச் 25 மாலையில் நம் ஆலயத்தில் நடந்துவந்த அறிவிப்புத் திருநாள் ஆராதனைக்குச் சென்ற ஆண்டு வந்தவர்கள், ஆர்கன் வாசித்தவரையும் என்னையும் சேர்த்து, ஒன்பது பேர். ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரம் அது. சிப்காட்டில் எந்தத் தொழிற்சாலையிலும் அந்த நாட்களில் ஒருவருக்கும் விடுப்பு கிடைப்பதில்லை. கூடுதல் நேரம் பார்க்காமல் வீடு திரும்புகிறவர்களும் குறைவு. எனவே அந்த ஆராதனையை அருகில் வரும் ஞாயிறுக்கு மாற்றுவது என்று குருசேகரக் குழு தீர்மானித்தது. நானும் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட நாளிலிருந்து, செய்தது சரிதானா என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு இந்த இரும்புத் தட்டு ஒரு பழைய கதையைத் தேடிப் படிக்கும் வேலையை வைத்தது.

நாசரேத்தூரில் காபிரியேல் தூதன் மரியாளிடம் வந்த செய்தியை லூக்கா முதலாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். மாதமும் தேதியும் அவர் எழுதவில்லை. டிசம்பர் 25-லிருந்து ஒன்பது மாதம் பின்னோக்கி எண்ணினால் மார்ச் 25 வருகிறது என்பது எளிய கணக்கு. ஆனால் ஆதித் திருச்சபையில் கணக்கு மறுதிசையிலும் ஓடியது. ஆண்டவர் கருவில் உருவான நாளும் சிலுவையில் மரித்த நாளும் மார்ச் 25 என்ற ஒரே தேதி என்று கருதிய பாரம்பரியம் ஒன்று இருந்தது. அகஸ்டின் அதை எழுதிவைத்திருக்கிறார். 2016-இல் பெரிய வெள்ளி மார்ச் 25 அன்றே வந்தது நினைவிருக்கலாம். தொட்டிலும் சிலுவையும் ஒரே தேதியில் நின்ற அந்த நாளில் நானே அதைப் பிரசங்கத்தில் சொல்லத் தவறிவிட்டேன்.

சங்கடம் என்னவென்றால், இந்தத் தேதி ஏறக்குறைய எப்போதும் லெந்து நாட்களுக்குள் வந்துவிடுகிறது. சில ஆண்டுகளில் பரிசுத்த வாரத்திலேயே வரும். துக்கத்தின் நடுவில் ஒரு மகிழ்ச்சித் திருநாளை எங்கே வைப்பது? ஸ்பெயின் தேசத்தின் தொலேதோ நகரில் 656-இல் கூடிய சங்கம் இதையே விவாதித்து, திருநாளை டிசம்பர் 18-க்கு மாற்றியது. ஆகவே, நம் குருசேகரக் குழு விவாதித்த விஷயம் 1,300 ஆண்டுகளுக்கும் மேலான பழைமை உடையது. குழு உறுப்பினர்கள் ஆறுதல் கொள்ளலாம்.

இங்கிலாந்தில் இந்த நாளின் கதை நம் தொழில்நகரத்தாருக்கு வேடிக்கையாகத் தோன்றும். அங்கே அதைச் 'சீமாட்டி நாள்' என்று அழைத்தார்கள். குத்தகையும் வாடகையும் செலுத்திக் கணக்கு நேர் செய்யும் நான்கு காலாண்டு நாட்களில் அதுவும் ஒன்று. 1751 வரை அங்கே சட்டப்படி ஆண்டு பிறந்ததும் மார்ச் 25-இல்தான். மரியாளின் நாளைக் கணக்கப்பிள்ளைகள் நம் காலத்தில்தான் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைத்திருந்தேன், அது அவ்வாறில்லை.

இனி சுவீடன். லுத்தரின் சீர்திருத்தம் அங்கே 16-ஆம் நூற்றாண்டில் பரவியது. 1593-இல் உப்சாலாவில் கூடிய மாமன்றம் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையைத் தேசத் திருச்சபையின் அறிக்கையாக ஏற்றது. புனிதர்களின் நாட்கள் பல மறைந்தன. ஆனால் மரியாளின் நாட்களில் வேதாகம ஆதாரம் உள்ளவற்றை லுத்தரன்கள் விடவில்லை. அறிவிப்புத் திருநாள் மரியாளைப் பற்றியதாகத் தோன்றினாலும் உண்மையில் அது கிறிஸ்துவின் நாள், வார்த்தை மாம்சமாகத் தொடங்கிய நாள் என்பது அவர்கள் கொண்ட நியாயம். மரியாளின் பெயரைச் சொன்னாலே இது நம்முடையதல்ல, கத்தோலிக்கருடையது என்று நினைக்கிறவர்கள் நம் சபையிலும் உண்டு. மரியாளின் துதிப்பாட்டுக்கு லுத்தர் 1521-இல் ஒரு தனி விளக்கநூலே எழுதினார் என்பதை அவர்களுக்கு அன்போடு நினைவூட்டுகிறேன்.

1772-இல், மூன்றாம் குஸ்தாவ் அரசனின் காலத்தில், சுவீடனில் இன்னொரு அறுவடை நடந்தது. விடுமுறை நாட்கள் மிகுதியாக இருப்பதால் வேலை கெடுகிறது என்று அப்போஸ்தலர்களின் நாட்களும், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் பண்டிகைகளின் மூன்றாம் நான்காம் நாட்களும் நீக்கப்பட்டன. அந்த அரிவாளுக்கும் மார்ச் 25 தப்பியது.

அந்நாளை மக்கள் 'வோர்ஃப்ரூடாகென்' என்று அழைத்தார்கள். 'வோர் ஃப்ரூ' என்றால் 'நம் அம்மையார்', 'டாகென்' என்றால் 'நாள்'. நாட்டுப்புறத்தார் வேகமாகச் சொல்லும்போது இடையிலுள்ள எழுத்துகள் தேய்ந்து 'வாஃபெர்டாகென்' போல ஒலித்தது. அதற்கு மிக அருகில் இன்னொரு சொல் ஏற்கெனவே அடுப்படியில் இருந்தது: 'வோஃபெல்', அதாவது வாஃபிள். ஒரு தலைமுறை 'அம்மையார் நாள்' என்று சொன்னதை அடுத்த தலைமுறை 'வாஃபிள் நாள்' என்று கேட்டது. கேட்டபடியே மாவையும் கரைத்தது. சுவீடனில் இன்று பொதுவாகத் தரப்படும் விளக்கம் இதுதான்.

இதைக் கேட்டு நாம் சிரிக்க வேண்டியதில்லை. தரங்கம்பாடி என்ற அழகிய பெயர் ஐரோப்பியர் நாவில் 'டிராங்கேபார்' ஆனது. அந்த உருமாறிய பெயரையே தங்கள் பட்டமாகச் சுமந்தவர்களில் சுவீடன் தேசத்தாரும் உண்டு. முதல் உலகப் போரின்போது ஜெர்மானிய லைப்சிக் மிஷனரிகள் இந்தியாவை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய பணியைச் சுவீடன் திருச்சபையின் மிஷன் தாங்கிக்கொண்டது. 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. 1921-இல் அதன் முதல் பேராயராக, 'தரங்கைப் பேராயர்' என்ற பட்டத்தோடு அபிஷேகம் பெற்றவர் எர்ன்ஸ்ட் ஹூமன் என்ற சுவீடன் தேசத்தார். அவருக்குப் பின் பெக்செல், சாண்டேகிரன். 1956-இல்தான் ராஜா மாணிக்கம் என்ற தமிழர் அந்த ஆசனத்தில் அமர்ந்தார். சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூரில் (நமக்குக் கிழக்கே இருக்கும் திருப்பத்தூர் அல்ல) சுவீடிஷ் மிஷன் மருத்துவமனை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. நம் கிருஷ்ணகிரியின் லுத்தரன் வேர் வேறு. 1895-இல் தியோடர் நேத்தர் இங்கே தொடங்கிய மிசௌரி மிஷனின் வேர் அது. ஆயினும் வேலை தேடி இந்த எல்லைக்கு வந்து குடியேறிய நம் சபையாரில் தஞ்சை, மதுரை வழி வந்தவர்கள் உண்டு. அவர்களுடைய பாட்டன்மாரைத் திருமுழுக்குக் கொடுத்துத் திடப்படுத்திய கைகளில் சில, சுவீடனில் வாஃபிள் உண்டு வளர்ந்த கைகளாகவே இருந்திருக்கும்.

திரும்புவோம். சுவீடன் வெகு வடக்கே உள்ள தேசம். குளிர்காலத்தில் பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும். மார்ச் 21-ஐ ஒட்டிப் பகலும் இரவும் சமமாகி, இரவைவிடப் பகல் நீளத் தொடங்குகிறது. தெற்கே சென்றிருந்த பெருங்கொக்குகள் திரும்பும் காலமும் இதுவே. ஆகவே அந்நாளுக்குக் 'கொக்கு நாள்' என்றும் ஒரு பெயர் உண்டு. கொக்கு வந்து படுக்கைக்கு விளக்குப் பிடிக்கும் என்பார்கள். அதாவது, அன்று முதல் மாலையில் மெழுகுவர்த்தி ஏற்றாமலே படுக்கைக்குப் போகலாம். கோழிகள் மறுபடியும் முட்டையிடத் தொடங்கும். பசுக்கள் கன்று ஈன்று பால் பெருகும். குளிர்காலம் முழுவதும் எண்ணி எண்ணிச் செலவழித்த வீட்டில், பாலும் முட்டையும் வெண்ணெயும் ஒரே வாரத்தில் வந்து சேரும்போது என்ன செய்வார்கள்? நாக்குப் பிறழ்ச்சி பெயரைத்தான் கொடுத்தது. பண்டத்தைக் கொடுத்தது பருவகாலம் என்றே நான் நினைக்கிறேன்.

அந்த இரும்புக்கும் ஆலயத்தோடு உறவு உண்டு. நம் திருவிருந்தில் நீங்கள் கையில் வாங்கும் மெல்லிய அப்பத்தை மத்திய காலத்து ஐரோப்பாவில் எப்படிச் சுட்டார்கள் தெரியுமா? நீண்ட கைப்பிடியுள்ள இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே மாவை ஊற்றி, இறுக்கி, நெருப்பில் காட்டினார்கள். தகட்டில் சிலுவையோ கிறிஸ்துவின் உருவமோ வெட்டப்பட்டிருக்கும். அது அப்பத்தில் பதியும். அதே முறையில், தேனும் முட்டையும் கலந்து, திருநாட்களில் ஆலய வாசல்களில் விற்பதற்கும் மெல்லப்பங்கள் சுட்டார்கள். காலப்போக்கில் தகட்டில் கட்டம் கட்டமான பள்ளங்கள் வந்தன, மாவு தடித்தது, வாஃபிள் பிறந்தது. தேன்கூட்டையும் நெசவையும் குறிக்கும் பழைய ஜெர்மானிய வேர்ச்சொல் ஒன்றிலிருந்தே ஆங்கிலத்தில் 'வேஃபர்', 'வாஃபிள்' என்ற இரண்டு சொற்களும் வந்தன. பலிபீடத்து அப்பத்துக்கு ஒன்று, சிற்றுண்டிக்கு மற்றொன்று.

யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில் மன்னாவின் ருசி எதற்கு ஒப்பிடப்படுகிறது என்று பாருங்கள். ஆங்கிலத்தின் பழைய மொழிபெயர்ப்பு அங்கே தேன் கலந்த 'வேஃபர்' என்கிறது. நம் தமிழ் வேதாகமம் பணிகாரம் என்கிறது. லேவியராகமம் இரண்டாம் அதிகாரத்துப் போஜனபலியில் அதிரசமும் அடையும் வருகின்றன. மொழிபெயர்த்தவர்கள் நம் பாட்டிமாரின் அடுப்படிக்குள் வந்து சொல் எடுத்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்தோறும் எனக்கு மகிழ்ச்சி.

நம் அடுப்படியிலும் அதற்கு ஓர் உறவு இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு சுடாத வீடு நம் சபையில் எத்தனை? நீண்ட கம்பியின் முனையில் பூப்போன்ற இரும்பு அச்சு. கொதிக்கும் எண்ணெயில் சூடேற்றி, மாவில் முக்கால் பங்கு தோய்த்து, மறுபடி எண்ணெயில் இறக்கி உதறினால் பூ தானாகக் கழன்று மிதக்கும். சுவீடனிலும் கிறிஸ்துமஸுக்கு இதே போன்ற அச்சில், இதே போல எண்ணெயில் சுடுகிறார்கள். 'ஸ்ட்ரூவோர்' என்பது பெயர். நாம் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் எள்ளும் சேர்க்கிறோம், அவர்கள் கோதுமைமாவும் பாலாடையும் சேர்க்கிறார்கள். இலங்கையில் இதைக் 'கொக்கிஸ்' என்பார்கள். அது டச்சுக்காரர் விட்டுச்சென்ற சொல்.

இந்தக் கதையில் என்னை நிறுத்திவைத்த பகுதிக்கு வருகிறேன். 1953-இல் சுவீடன், மார்ச் 25-ஐப் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கியது. வேலைநாளில் ஆலயத்துக்கு வருவார் யார்? எனவே திருச்சபை அறிவிப்புத் திருநாளை மார்ச் 22-க்கும் 28-க்கும் இடையே வரும் ஞாயிறுக்கு மாற்றியது. அந்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறாகவோ ஈஸ்டராகவோ இருந்தால் இன்னும் முன்னே தள்ளப்படும். 2024-இல் அப்படித்தான் ஆனது: ஆலயங்களில் மரியாளின் நாள் மார்ச் 17. ஆனால் வாஃபிள்? அது மார்ச் 25-ஐ விட்டு ஒரு நாளும் நகரவில்லை. 2024-இல் அது பரிசுத்த வாரத்தின் திங்கட்கிழமை, அன்றும் சுட்டார்கள்.

ஆலயம் தேதியை விட்டது. அடுப்படி அதைப் பிடித்துக்கொண்டது. பெயரை மறந்துவிட்டே பிடித்துக்கொண்டது என்பதுதான் விசித்திரம். அந்த வாலிபர் தங்கிய வீட்டாருக்குக் காபிரியேல் நினைவில் இல்லை. தேதி நினைவில் இருந்தது. இதை வீழ்ச்சி என்று பிரசங்கிப்பது எளிது. இளம் போதகனாக இருந்தபோது அப்படித்தான் பிரசங்கித்திருப்பேன்.

சென்ற மாதம் நம் சபையின் மூத்த தாயார் ஒருவரைப் பார்க்கச் சென்றேன். தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, மகனுடைய வேலையின் பொருட்டு ஓசூருக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆனவர். ஆராதனை நாளை மாற்றியதைப் பற்றி அவரிடம் தயக்கத்தோடு சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அது என்ன நாள் என்று எனக்குச் சிறு வயதில் தெரியாது ஐயா. அன்றைக்கு அம்மா பால் கொழுக்கட்டை செய்வார்கள். லெந்து நாளில் இனிப்பு எதற்கு என்று கேட்டால், இன்றைக்குச் சாப்பிடலாம், இன்றைக்கு ஆண்டவர் வயிற்றில் வந்த நாள் என்பார்கள். கொழுக்கட்டைக்காகத்தான் கேட்டேன், அதனால்தான் தெரிந்துகொண்டேன்" என்றார். பிறகு, "நீங்கள் ஆராதனையை எந்த நாளில் வேண்டுமானாலும் வையுங்கள். நான் கொழுக்கட்டையை 25-ஆம் தேதிதான் செய்வேன்" என்றும் சொன்னார்.

பண்டம் மட்டும் எஞ்சினால் கேள்வி கேட்கும் ஒரு பிள்ளை வேண்டும்; கேட்டால் பதில் சொல்லும் ஒரு தாயும் வேண்டும். கோத்தன்பர்க்கில் கேள்வி கேட்டவர் ஓசூரிலிருந்து போன நம் பிள்ளை.

வாஃபிள் செய்யும் முறையைப் பலர் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். சென்ற சனிக்கிழமை போதகர் இல்லத்தில் செய்து பார்த்தோம். மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. இவற்றை முதலில் பாதிப் பாலோடு கட்டியில்லாமல் அடித்துக்கொண்டு, மீதிப் பாலையும் இரண்டு முட்டைகளையும் சேர்க்க வேண்டும். பால் மொத்தம் 350 மில்லி. கடைசியாக, உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 100 கிராம். வெண்ணெயைக் குறைக்காதீர்கள், அது மாவிலேயே இருப்பதால்தான் தட்டில் ஒட்டாது. தட்டு நன்றாகக் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். முதல் தோசையைப் போலவே முதல் வாஃபிளும் பிய்ந்துதான் வரும். மனம் தளர வேண்டாம். ஓரங்களிலிருந்து ஆவி வருவது நிற்கும் வரை திறக்கக் கூடாது. எடுத்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் துவண்டுபோகும். கம்பித் தட்டில் பரப்பி வையுங்கள், அல்லது சுடச்சுடச் சாப்பிட்டுவிடுங்கள். அவர்கள் காட்டுப் பழ ஜாமும் அடித்த பாலாடையும் வைத்து உண்கிறார்கள். நமக்கு மாம்பழம் வர இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் கிருஷ்ணகிரிக்காரர் வீட்டில் மாம்பழக் கூழ் டப்பா இல்லாமலா போகும்? மூன்றில் ஒரு பங்கு மைதாவுக்குப் பதில் கேழ்வரகு மாவு சேர்த்தும் சுட்டோம். நிறம் கறுத்தது, மணம் நன்றாக இருந்தது. என் மனைவிக்கு அதுதான் பிடித்தது. எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. மின்சார வாஃபிள் தட்டிலும் இதே மாவு போதும்.

இந்த ஆண்டு அறிவிப்புத் திருநாள் ஆராதனை, குழுவின் தீர்மானப்படி, மார்ச் 22 ஞாயிறு காலை நடைபெறும். மார்ச் 25 புதன்கிழமை. அன்று மாலை ஆறரை முதல் போதகர் இல்லத்தின் அடுப்படி திறந்திருக்கும். லூக்கா முதலாம் அதிகாரம் 26 முதல் 38 வரை பிள்ளைகளில் ஒருவர் வாசிப்பார், ஒரு ஜெபம், அவ்வளவே. இரும்புத் தட்டை அந்த வாலிபர் கொண்டுவருகிறார். தாயாரின் பால் கொழுக்கட்டையும் உண்டு. இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவு பதினோரு மணிக்கு மேல் வருகிறவர்களுக்கும் மாவு எடுத்து வைக்கப்படும். வருகிறவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பின் உபதேசியாரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு மாவு கரைப்பது என்று தெரிய வேண்டும்.